எந்த ஊருங்க, யாரு வீடுங்க? – கொங்கு நாவல்களை வைத்து 'அடையாளம்' பற்றி ஓர் அறிமுகம்

கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்தால், முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த ஊருங்க?" என்றுதான் வரும். ஊரைச் சொன்னால், "அங்க யாரு வீடுங்க?" அதையும் சொல்லிவிட்டால், கொஞ்சம் இழுத்து, "உங்களுக்குக் கோயில் எதுங்க?" அந்தக் கடைசிக் கேள்விக்குள் சாதி, கூட்டம் (சாதிக்குள் இருக்கும் குலப்பிரிவு), குலதெய்வம், கல்யாணம் காட்சிக்குப் போக்குவரத்து உண்டா இல்லையா என்பது வரைக்கும் எல்லாம் அடங்கியிருக்கிறது. கேட்பவர் கெட்டவர் இல்லை. பொதுவாக ஒரு உறவுக்காரர் அகப்பட்டுவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி இளநீர் வாங்கிக் கொடுப்பார், "ஊட்டுக்கு வந்துட்டுத்தான் போவோணும்" என்பார். அகப்படாவிட்டால் பேச்சு மழை பெய்யாததைப் பற்றித் திரும்பிவிடும்.

இலக்கியக் கூட்டங்களில் 'அடையாளம்', 'அடையாள அரசியல்', 'விளிம்புநிலை', 'மற்றமை' என்று சொற்கள் பறக்கும்போது புதிதாக வாசிக்க வந்தவர்கள் மிரண்டுபோய்ப் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். மிரள வேண்டியதில்லை. அந்தப் பஸ் பேச்சில் இருப்பதுதான் அத்தனையும். நான் யார் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. என்னை யாராக வைப்பது என்று எதிரில் இருப்பவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் அடையாளம். இரண்டும் ஒத்துப்போனால் 'நம்மாளு' ஆகிவிடுகிறோம், ஒத்துப்போகாவிட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறோம்.

அடையாளம் பற்றிய ஒரு நாவல் நல்ல நாவலா என்று பார்க்க என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரு சமூகத்தின் சடங்கு, சாப்பாடு, சாமி எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டால் அது ஆவணமாகலாம், நாவல் ஆகிவிடாது. 'நம்மாளு' என்று முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த முடிவு எப்போது மாறுகிறது என்பதை நமக்குக் காட்ட வேண்டும். கொங்கு நாட்டு நாவல்கள் இதைப் பல விதங்களில் காட்டியிருக்கின்றன.

வீட்டுக்குள்ளேயே அந்நியம்

1942-இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' தமிழின் முதல் வட்டார நாவல் என்று பரவலாகச் சொல்லப்படுவது. கொங்குக் கிராமத்துப் பேச்சை, வேளாண்மையை, பகையை அப்படியே எடுத்துக்கொண்டு வந்த சின்னப் புத்தகம். கதை எளிமையானது. நாகம்மாள் ஒரு விதவை. கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் மகளோடு இருக்கிறாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை, அடி உதை இல்லை. சாதி, ஊர், வீடு எதை எடுத்தாலும் அவள் உள்ளே இருப்பவள்தான். ஒரு நாள் "என் பங்கைப் பிரித்துக் கொடு" என்கிறாள். அவ்வளவுதான், அதுவரை நம்மவளாக இருந்தவள் வேறு யாரோ ஆகிவிடுகிறாள். கடைசியில் கொலை வரை போகிறது.

அவள் கேட்டது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு ஒரு சட்டக் கதையும் உண்டு. கணவன் சொத்தில் இந்து விதவைக்கு ஆயுள் வரை ஒரு பங்கு உண்டு என்று 1937-இல் சட்டம் வந்தது. ஆனால் அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. காடு தோட்டத்தை நம்பியே பிழைக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்? அதற்கு அடுத்த வருஷம் வந்த நாவலில் நாகம்மாள் நிலத்தில் பங்கு கேட்கிறாள். சண்முகசுந்தரம் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அடையாளம் என்றால் உடனே சாதி, மதம் என்று போய்விடுகிறோம். ஒரே சாதி, ஒரே வீடு, ஒரே சட்டிச்சோறு என்று இருந்தாலும் ஒருத்தி வெளியே நிறுத்தப்படலாம் என்பதை இந்தப் புத்தகம் அப்போதே காட்டிவிட்டது.

யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்

கொங்குத் தமிழ் என்றதும் சினிமா பார்த்த எல்லோருக்கும் 'ஏனுங்க அம்மணி' ஞாபகம் வரும், கூடவே சிரிப்பும் வரும். எங்கள் பேச்சை மற்ற ஊர்க்காரர்கள் நகைச்சுவைக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. உள்ளூர்க்காரர்களோ இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்: மரியாதை தெரிந்த ஊர், சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்போம், பால்காரரிடம்கூட 'ங்க' போடுவோம்.

சரி, அந்த 'ங்க' எது வரை போகிறது?

ஒரு தோட்டத்துக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பேரனுக்கு அவர் அப்பாரு, மகள் வயிற்றுப் பிள்ளைக்கு அப்புச்சி. ஊரில் பாதிப் பேருக்கு மாமன், மச்சான், மீதிப் பேருக்குப் பங்காளி. பண்ணையத்தில் ஆள்வேலை செய்கிற அருந்ததியருக்கு அவர் 'பண்ணாடி' அல்லது 'சாமி'. இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், அறுபது வயதான அந்த ஆள்காரரைத் தோட்டத்து வீட்டுப் பொடியன் பேர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. பெரியவர்களுக்கு மரியாதை என்று நாம் சொல்லிக்கொள்கிற விதி, ஆள்காரர்கள் குடியிருக்கும் வளவின் எல்லை வந்ததும் தலைகீழாகிவிடுகிறது. அதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு அது தெரிந்திருந்தது.

நாவல் வாசிக்கும்போது இதை மட்டும் கவனித்துப் பாருங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள், யார் வாசலோடு நின்று பேசுகிறார்கள். தத்துவம் எதுவும் தெரியாமலே அடையாளம் என்பதன் பாதி புரிந்துவிடும்.

இதற்குப் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை (2000) சிபாரிசு செய்வேன். பண்ணையத்துக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்ற சிறுவனின் கதை. மேய்ச்சல் காட்டில் அவனும் அவனைப் போன்ற பிள்ளைகளும், பண்ணாடி மகன் செல்வனும் சேர்ந்து விளையாடுகிறார்கள். வெயிலும் கிணறும் ஆடுகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். காட்டில் இருக்கும் வரை கூளையனும் செல்வனும் கூட்டாளிகள். வீட்டை நோக்கி ஆடுகளைத் திருப்பும்போது பழையபடி ஒருவன் ஆள், ஒருவன் முதலாளி. நட்பும் பொய்யில்லை, படிநிலையும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே பிள்ளை ஒரே நாளில் சுமக்கிறான் என்பதுதான் இந்த நாவலின் பலம். அவருடைய மற்றப் புத்தகங்களுக்குக் கிடைத்த வெளிச்சம் இதற்குக் கிடைக்கவில்லை, ஆனால் என் கணக்கில் இதுதான் பெரியது.

'பூக்குழி' (2013) வேறு மாதிரி. குமரேசன் டவுனிலிருந்து சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு அழைத்து வருகிறான். ஊரே அவளை என்ன சாதி என்று கேட்டுக் குடைகிறது. நாவல் முடியும் வரை சாதிப் பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் வாசகர் 'ஓ, அவர்களா' என்று ஒரு முடிவுக்கு வந்து நிம்மதியாக உட்கார்ந்துவிடலாம். ஆசிரியர் அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. இது ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. லண்டனில் இருக்கும் வாசகருக்குக் கொங்குச் சாதிகளின் விவரம் தெரிந்திருக்க நியாயமில்லை. சாதிப் பெயர் இல்லாததால் அவருக்கும் நமக்கும் அந்தப் பெண்ணின் பயம் ஒரே அளவில்தான் தெரிகிறது.

புத்தகமே வழக்கில் சிக்கினால்

'மாதொருபாகன்' கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2010-இல் வந்த நாவல். காளியும் பொன்னாவும் குழந்தையில்லாத தம்பதி. அன்பான கல்யாணம்தான், ஆனால் விசேஷ வீடுகளில் பொன்னாவுக்கு விழுகிற சொல் ஒவ்வொன்றும் ஊசி. குழந்தையில்லாத பெண் திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் ஓர் இரவில் முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்ற வழக்கத்தை நாவல் கையாள்கிறது. நான்கு வருஷம் சும்மா இருந்துவிட்டு, 2014 டிசம்பரில் திடீரென்று எதிர்ப்பு கிளம்பியது. எங்கள் ஊரையும் எங்கள் பெண்களையும் கேவலப்படுத்திவிட்டார் என்று கடையடைப்பு, புத்தக எரிப்பு. 2015 ஜனவரியில் பேச்சுவார்த்தை என்று அழைத்து ஆசிரியரை மன்னிப்பு எழுதிக் கொடுக்க வைத்தார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறியுங்கள், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லி, அவரை மறுபடி எழுதச் சொன்னது.

கருத்துச் சுதந்திரத்துக்கு உதாரணமாகத்தான் இதை எல்லோரும் சொல்வார்கள். அடையாளத்துக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எழுதியவர் அந்த மண்ணில் பிறந்தவர், அந்தப் பேச்சைப் பேசுகிறவர், 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைத் தொகுத்துக் கொடுத்தவர். அவரை 'நம்மாளு' இல்லை என்று ஊர் ஒரு மாதத்தில் முடிவுசெய்துவிட்டது. குழந்தையில்லாத பொன்னாவுக்குக் கதைக்குள் என்ன நடந்ததோ, கதையை எழுதியவருக்குக் கதைக்கு வெளியே அதுதான் நடந்தது. எதிர்த்தவர்களில் மனம் நொந்தவர்களே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். தன் ஊரின் பேரை ஒரு கதையில் பார்ப்பது எல்லோருக்கும் சுலபமில்லை. ஆனால் நோவைச் சொல்ல மறுப்பு எழுதலாம், கூட்டம் போட்டுத் திட்டலாம். ஊரைவிட்டுத் துரத்துவது பதில் ஆகாது.

இதை ஒட்டி இன்னொரு பழைய வாக்குவாதமும் வரும்: ஒரு சமூகத்தைப் பற்றி அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான் எழுத வேண்டுமா? 1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது தமிழில் தலித் இலக்கியம் வேகம் பிடித்தது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. அதுவரை மற்றவர்கள் எழுதிய கதைகளில் பாவப்பட்ட ஆட்களாக வந்துபோனவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லத் தொடங்கினார்கள். அந்த வித்தியாசம் வாசித்தவுடன் தெரியும், வெளியாள் எழுதும்போது இரக்கம் முன்னால் வந்து நின்றுகொள்ளும். அதற்காக வெளியாள் எழுதவே கூடாது என்று கதவைச் சாத்தினால், சோலகர் அல்லாத ஒருவர் எழுதிய 'சோலகர் தொட்டி' நமக்குக் கிடைத்திருக்காது.

சமவெளிக்கு வெளியே, சாயப்பட்டறைக்கு உள்ளே

ச. பாலமுருகன் ஒரு வழக்கறிஞர், மனித உரிமைக்காக வேலை செய்கிறவர். 2004-இல் வந்த 'சோலகர் தொட்டி', சத்தியமங்கலம் மலைக்காட்டில் வாழும் சோலகர் என்ற பழங்குடிகளின் கதை; தொட்டி என்றால் அவர்களின் குடியிருப்பு. முதல் பாதியில் காடு அவர்களுடையது, எந்த மரத்தில் தேன், எந்தத் தெய்வத்துக்கு என்ன படையல் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்புறம் நிலம் மெல்ல மெல்லக் கைமாறுகிறது. பிறகு வீரப்பன் தேடுதல் வேட்டை வருகிறது, அதிரடிப் படை முகாம் வருகிறது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் இருந்தவர்களிடம் காக்கிச் சட்டைக்காரர் வந்து நீ யார், இங்கே என்ன வேலை என்று கேட்கிறார். அந்த முகாமில் நடந்தவற்றைப் படிப்பது கடினம், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மலைகளில் இருளர் பேசுகிற மொழியிலேயே லட்சுமணன் 'ஒடியன்' என்று ஒரு கவிதைத் தொகுப்பு எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தாலும் சமவெளிக்காரருக்கு அர்த்தம் உடனே பிடிபடாது. கொங்கு நாடு என்றால் ஒரு மொழி, ஒரு பேச்சு என்று நினைப்பவர்கள் அதில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும்.

சமவெளியிலும் அப்படி ஒரே பேச்சு கிடையாது. வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கர், தெலுங்கு பேசும் அருந்ததியர், நாயக்கர் என்று தெருவுக்குத் தெரு மாறும். எம். கோபாலகிருஷ்ணனின் 'அம்மன் நெசவு' நெசவாளர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டது. அவருடைய 'மணல் கடிகை' திருப்பூர் பனியன் தொழில் மனிதர்களை என்ன செய்தது என்று பார்க்கிறது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நொய்யல் ஆற்றில் ஓடிய சாயக் கழிவைப் பற்றியது. இவற்றில் சாதி இருக்கிறது, ஆனால் கூடவே 'கம்பெனி' என்று இன்னொரு அடையாளம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்த ஊர் என்பதைவிட எந்தக் கம்பெனி, கட்டிங்கா டெய்லரா என்பது முதலில் கேட்கப்படும் ஊர் திருப்பூர்.

அந்த ஊருக்கு இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். அவர்களை 'வடக்கத்தியான்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது. அவர்கள் பிள்ளைகள் சிலர் இங்கே அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வளர்ந்து, திருப்பூர்த் தமிழில், நம்மைப் பற்றி எழுதப்போகும் நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். நமக்கு அது இனிக்காது என்று நினைக்கிறேன்.

மாமன் செத்த வீடு

அண்மைப் புத்தகங்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' என்பேன். 2023-க்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குத்தான் கிடைத்தது. ஊருக்கு முடிதிருத்தும் குடிநாவிதர் குடும்பத்தைச் சேர்ந்த காரு மாமா இறந்துபோகிறார். சொந்தங்கள் எழவுக்குக் கூடுகின்றன. அழுகிறார்கள், பழைய சண்டையைக் கிளறுகிறார்கள், சிரிக்கிறார்கள், தாயம் ஆடுகிறார்கள். பெரிய சம்பவம் எதுவும் இல்லை.

குடிநாவிதர் ஊரின் எல்லாச் சடங்கிலும் இருப்பவர். பிறப்பு, சீர், கல்யாணம், சாவு, எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. அதே சமயம், அந்த ஊரில் அவருக்கு நிலம் கிடையாது, சபையில் பேச இடம் கிடையாது. ஊருக்கு வேண்டியவர், ஆனால் ஊர்க்காரர் இல்லை. இப்படி ஒரு இடத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒருவருக்கொருவர் மட்டும்தான் துணை. அதனால்தான் அந்த எழவு வீட்டில் உறவுமுறை ஒவ்வொன்றும் அவ்வளவு கனமாக இருக்கிறது. அக்கா, தங்கச்சி, மாமன், அத்தை என்று கூப்பிடக் கூப்பிட ஒரு ஊரே உருவாகிறது.

தலைப்பு புறநானூற்றின் 192-ஆம் பாட்டிலிருந்து வந்தது. நாம் மேடைதோறும் முழங்குகிற 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' அந்தப் பாட்டின் முதல் வரி. எல்லா ஊரும் எங்கள் ஊர் என்று சொல்வதற்கு நமக்கு அந்த முதல் வரியே போதும் என்று நிறுத்திக்கொள்கிறோம். ஆற்று நீரின் போக்கில் போகும் தெப்பம் போல உயிர் முறைவழியே போகும் என்ற உள்வரியைத் தேவிபாரதி எடுத்துக்கொண்டார். சொந்த ஊரே சரியாகச் சொந்தமில்லாதவர்களின் கதைக்கு முதல் வரியை வைத்திருந்தால் கேலியாகிவிட்டிருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'நாகம்மாள்' சிறியது என்பதால் அதில் ஆரம்பிக்கலாம், அடுத்து 'நீர்வழிப் படூஉம்'. பேச்சுவழக்கு தடுக்கினால் அந்த உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் புரிந்துவிடும். 'சோலகர் தொட்டி'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் படிப்பது சலித்தால் கூட்டங்களுக்குப் போகலாம். ஜூலையில் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா நடக்கும், ஆகஸ்டில் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவையின் திருவிழா, அது 2005 முதல் நடக்கிறது. டிசம்பரில் கோவையில் விஷ்ணுபுரம் விருது விழாவில் எழுத்தாளர்களை எதிரில் உட்கார வைத்து வாசகர்கள் கேள்வி கேட்கிறார்கள். போனால் பின்வரிசையில் உட்காராதீர்கள். உங்கள் ஊரைப் பற்றி எழுதியவர் அங்கே வந்திருந்தால், எங்கள் தெரு ஏன் உங்கள் நாவலில் இல்லை என்று கேளுங்கள். அவர்கள் அந்தக் கேள்விக்குப் பழகியவர்கள்தான்.